மயக்க ஊசியும் மூன்று நாள் ஒத்தடமும்

உத்திரமேரூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மலர்க்கொடிக்கு, வேதகிரி எழுதுவது. இங்கே நானும் கறவை மாடும் சுகம். பெங்களூரில் நீ, நம் மகள் சசிரேகா, மாப்பிள்ளை, பேரக்குழந்தை எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் செய்தால் "கொயந்த தூங்குது, அப்பறமா பேசு" என்று வைத்துவிடுகிறாய். அந்த ஊரில் குழந்தைகள் விழிப்பதே இல்லை போலிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

அடுத்த வாரம் புதன்கிழமை காஞ்சிபுரத்தில் எனக்கு மூக்குச் சதை ஆபரேஷன். போன வருஷம் குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் பட்ட பாடு உனக்கே தெரியும். கத்தி வைத்தது வயிற்றில், வலித்ததோ கழுத்து, தோள், விலா, முதுகு என்று உடம்பு முழுக்க. மறுநாள் எழுந்தால் யாரோ அடித்துத் துவைத்த மாதிரி இருந்தது. துணைக்கு வந்த பக்கத்து நிலத்துக் கன்னியப்பன்மேல்தான் எனக்குச் சந்தேகம். "வரப்புச் சண்டைய மனசுல வெச்சிக்கினு, மயக்கத்துல கெடந்தவன மிதிச்சிட்டியா?" என்று வார்டே கேட்கும்படி கேட்டுவிட்டேன். "நா வெளிய பெஞ்சுல குந்திக்கினு உனக்காக சாமி கும்பிட்டுக்கினு இருந்தேன்யா, பேஜார் புடிச்சவனே!" என்று அவன் கண் கலங்கிப் போனான். அப்புறம் நர்சம்மா வந்துதான் விளக்கினார்: மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்த ஓர் ஊசி போடுவார்களாம், அது தளர்த்துவதற்கு முன் உடம்பையே ஒரு துடி துடிக்க வைக்குமாம், அந்த வலிதான் இரண்டு மூன்று நாள் நிற்குமாம். கன்னியப்பன் இன்றும் நம் வீட்டில் பால் வாங்குகிறான், பேச்சு மட்டும் கிடையாது.

ஆனால் மலரு, அந்த வலி என்றதும் நீ பெங்களூரிலிருந்து ஓடி வந்தாயே! உப்பை வறுத்துத் துணியில் கட்டி மூன்று நாள் ஒத்தடம் கொடுத்தாய். "இன்னும் வலி கீதா?" என்று கேட்பாய், "கீது" என்பேன். உண்மையில் இரண்டாம் நாளே பாதி போய்விட்டது, நான் சொல்லவில்லை. நீ பஸ் ஏறின பிறகு வீடு வீடாக இல்லை. சோறு வடித்தால் தொண்டையில் இறங்குவதில்லை. பதினோரு மாதமாக உன் நினைப்புதான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இந்த முறையும் வலி கடுமையாகத்தான் வரும், கழுத்தைத் திருப்பவே முடியாது. ஆகவே செவ்வாய்க்கிழமையே வந்துவிடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. சசிக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வேதகிரி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மயக்க டாக்டர் பத்மஜா போன் செய்தார். போன தடவை உடம்பு வலி இருந்ததா என்று கேட்டார். டாக்டரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை, இருந்தது என்றேன். அப்படியானால் அந்த ஊசிக்கு முன்னால் வேறொரு மருந்து கொஞ்சம் கொடுத்து, வலி வராமல் பார்த்துக்கொள்கிறாராம். "இன்னா டாக்டர், கொஞ்சமாவது வராதா?" என்று கேட்டேன், சிரித்துவிட்டார். ஆகவே மேலே எழுதிய வலி எதுவும் எனக்கு வரப்போவதில்லை. நீ வா.