வாத்து வறுவலும் இரண்டு துப்பறிவாளர்களும்

ஒரு காட்டில் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அந்தக் காட்டை எப்போதோ வெட்டிப் புல்வெளி ஆக்கிவிட்டார்கள். ஆகவே, முன்பு காடாக இருந்த ஒரு சின்ன இங்கிலாந்துக் கிராமத்தில், சர்ச்சில் பாடிவந்த வாத்து மிஸ் வினிஃப்ரெட் கொலையானாள். கிடைத்தது இறகுகள் மட்டும்.

துப்பறிய இருவர் வந்தார்கள். ஒருவர் இன்ஸ்பெக்டர் பெர்சிவல் என்ற புல்டாக். உள்ளூர்க்காரர், நாகரிகம் தெரிந்தவர். இன்னொன்று விருத்தாசலத்திலிருந்து மாற்றலாகி வந்த கீரி, பெயர் கொளஞ்சி. இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

பெர்சிவல் வந்ததும் வராததுமாக, இறகுகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த முள்ளெலி டாப்கினைப் பிடித்து லாக்கப்பில் போட்டார்.

"நான் நத்தையைத் தவிர எதையும் தொடுறதில்லைங்க. பனி விழறதுக்குள்ள வளைக்குப் போய்த் தூங்கலைன்னா செத்துருவேன்" என்று அழுதது முள்ளெலி. பாவமாகத்தான் இருந்தது.

"இவன் இல்ல சார். நாலு பேரை விசாரிப்போம்" என்றது கீரி.

வீடு வீடாகப் போனார்கள். பெர்சிவல் எல்லோரிடமும் "மழை வரும் போலிருக்கே" என்பார். "ஆமாம், வரும் போலத்தான் இருக்கு" என்பார்கள். விசாரணை அதோடு முடிந்துவிடும். அந்த ஊரில் அதற்கு மேல் கேட்டால் அநாகரிகம்.

கடைசியாக நரி ஹார்கோர்ட்டின் வீடு. கதவு திறந்ததும் கீரி, நம்மூர்ப் பழக்கத்தில், "என்ன சார், சாப்ட்டாச்சா?" என்றது. வணக்கம் சொல்வது மாதிரிதான் கேட்டது.

நரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கீரி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த கேள்வி தானாக வந்தது. "என்ன குழம்பு?"

"குழம்பு இல்லை, வாத்து வறுவல். பாதிதான் சாப்பிட்டேன். மீதி அடுப்புல இருக்கு."

பெர்சிவல் மோப்பம் பிடித்தார். "தடயத்தைப் பரிசோதிக்கணும்" என்று சொல்லி ஒரு காலை எடுத்துக் கடித்தார். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனசு நோகுமே என்று கீரியும் உட்கார்ந்தது. மிளகு போதவில்லை என்று குறை வேறு சொன்னது.

தட்டு காலியான பிறகுதான் அதற்கு முள்ளெலியின் நினைவு வந்தது. "சார், அவனை விட்டுரலாமா?"

"விடலாம். அப்புறம் யாரை உள்ளே போடுறது? சாப்பிட்டது நாம மூணு பேர்தானே."

மூவரும் யோசித்தார்கள். நரி டீ போட்டுக் கொடுத்தது. பனி விழுந்தது. மறுநாளே வழக்கு முடிந்தது, முள்ளெலியும் முடிந்தது.

நீதி: கொலையே ஆனாலும் பந்தியில் ஓர் இடம் பிடித்துவிடுங்கள். சாப்பிடாதவன்தான் மாட்டுவான்.