கோரினின் பிக்கப்புக்குப் புது பேட்டரி

புது பேட்டரி போட்டதும் கோரினின் பிக்கப் வண்டி ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது. ரேடியோ மட்டும் பாடமாட்டேன் என்றது. பாடுவதற்குப் பதிலாக ஏதோ ரகசிய எண்ணைக் கேட்டது.

"இவ்வளவுதானே," என்றான் ஹோலிஸ்.

ஹோலிஸுக்கு உலகத்தில் பெரும்பாலான விஷயங்கள் இவ்வளவுதான். ஹார்லோ ஊரின் தானியக் கிடங்கில் மோட்டாரும் பெல்ட்டும் அவன் பொறுப்பு. ஏதாவது ஒரு மோட்டார் மக்கர் செய்தால், அதன் மேல் ஒரு தட்டுத் தட்டி, என்னப்பா உடம்புக்கு முடியலையா என்று விசாரித்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பான். தெற்கு டகோட்டா மாகாணத்தின் அந்த மூலையில் அவன் சொல்லிக் கேட்காத மோட்டார் கிடையாது.

அவன் சொல்லிக் கேட்காதது அவனுடைய சொந்த நாக்கு ஒன்றுதான். அதுவும் கோரின் எதிரில் நின்றால் மட்டும். கோரின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடச் சமையலறையை நிர்வகிப்பவள். கணவன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஹோலிஸுக்கோ கல்யாணம் என்று ஒன்று நடக்கவே இல்லை. அறுவடை முடிந்ததும் தீயணைப்பு நிலையத்தில் நடக்கிற விருந்துக்கு, அதற்குப் பிறகு நடக்கிற நடனத்துக்கு, என்கூட வருகிறீர்களா என்று அவளைக் கேட்க வேண்டும். போன வருஷமே கேட்டிருக்க வேண்டியது. வார்த்தை நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் ஒழுங்காகத்தான் வரும். வாயைத் திறந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை ரேடியோவைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் போட்டு, அதைப் பாட வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள் கோரின். மாட்டிறைச்சி வறுவலும் பிசைந்த உருளைக்கிழங்கும். சாப்பாடு முடிகிற வரைக்கும் ஹோலிஸ் ஆல்டர்னேட்டரைப் பற்றியே பேசினான். அவள் இடையிடையே தலையாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிழங்கு போட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது, அடுத்த தடவை கேட்டுவிடலாம் என்று அவன் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான். ஆனால் ரிப்பேர் முடிந்துவிட்ட வண்டிக்கு ஏது அடுத்த தடவை?

மறுநாள் சர்ச் முடிந்து வந்ததும் போன் அடித்தது. வைப்பர் அசைய மாட்டேன் என்கிறது என்றாள் கோரின்.

"நான் எதிர்பார்த்ததுதான்," என்றான் ஹோலிஸ். எதிர்பார்க்கவே இல்லை.

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டான். புது பேட்டரி பலசாலி. பழைய ஒயர்கள் அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் துவண்டுவிடுகின்றன. கேட்பதற்கு நன்றாக இருந்ததால் அதை இரண்டு தடவை சொன்னான். வைப்பர் சுவிட்சை மாற்றினான், பலனில்லை. மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டினான், அதற்கும் அசையவில்லை. கடைசியில் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்தான். வைப்பர் ஓடியது. நிற்கத்தான் இல்லை.

"ஓடுதுல்ல?" என்றான்.

"நல்லாவே ஓடுது," என்று ஒப்புக்கொண்டாள் கோரின். அன்றைக்கும் சாப்பாடு அங்கேதான்.

ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்துக்குக் கீழே அவள் வைப்பர் ஆட வேலைக்குப் போனாள். தபால்காரர் வண்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் மழையா என்று கேட்டாராம்.

அதற்கடுத்து ஹார்ன் ஊமையானது. ஹோலிஸ் சளைக்கவில்லை. பெடலுக்குப் பக்கத்தில் மின்சாரம் ஓடுகிற ஒயர் ஒன்றைப் பிடித்து ஹார்னோடு சேர்த்துவிட்டான். அது பிரேக் விளக்குக்குப் போகிற ஒயர். பிரேக்கில் கால் வைத்தால் ஹார்ன் அலறியது. காலை எடுத்தால் நின்றது. ஊரில் ஒவ்வொரு முக்கிலும் கோரின் நின்று ஊதிவிட்டுப் போனாள். தங்களுக்குத்தான் வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்துச் சிலர் கை காட்டினார்கள்.

அந்த வாரம் பார்த்துத்தானா கிழவர் எல்ட்ரெட் சாக வேண்டும்? சர்ச்சிலிருந்து கல்லறைக்கு வண்டிகள் ஊர்வலமாகப் போயின. ஊர்வலம் என்றால் ஊர்ந்துதானே போக வேண்டும்? ஊர்ந்து போனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியுமா? வைப்பர் இரண்டு பக்கமும் கையசைக்க, ஹார்ன் விடாமல் கதற, கோரின் நேராகப் பார்த்தபடி வண்டியை ஓட்டினாள். பின்னால் வந்த வண்டியில் ஹோலிஸ் இருக்கைக்குள் புதைந்துகொண்டிருந்தான். கல்லறையில் எல்ட்ரெட்டின் மனைவி வந்து கோரினின் கையைப் பிடித்து, பிள்ளைகள்கூட இப்படி அழவில்லை என்று சொன்னாள்.

மறுநாள் காலை காபிக் கடையில் இதே பேச்சாக இருந்தது. கராஜ் வைத்திருக்கும் கிளைட் ஹோலிஸுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். கிளைட் மனைவியை விட்டுப் பிரிந்தவன். நல்ல பல்வரிசை உள்ளவன். அதைக் காட்டாமல் அவனுக்கு ஒரு வாக்கியமும் பேச வராது.

"வண்டிய எங்கிட்ட அனுப்பிடு. ஒரு மணி நேரம்," என்றான்.

"தேவையில்ல. நோய் என்னன்னு புடிச்சுட்டேன்."

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஃப்யூஸ் இருக்குமே, பாத்தியா?"

"முதல் நாளே ஒண்ணு விடாம பாத்தாச்சு. எல்லாம் நல்லாத்தான் இருந்துது. எனக்கே ஃப்யூஸ் சொல்லித் தர்றியா?"

கிளைட் அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போய்க் கோரினிடமும் கேட்டிருக்கிறான். ஹோலிஸ் பார்த்துக்கொள்கிறார், வேறு யாரும் தொட வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். சேதி காதுக்கு வந்தபோது ஹோலிஸ் கிடங்கின் உச்சியில் ஒரு பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தான். ஏணியில் இறங்குவது தெரியாமல் இறங்கினான்.

அன்று சாயந்தரம் வண்டியின் ஜன்னல் கண்ணாடி சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி பாதியில் இறங்கி நின்று, பொத்தானை எவ்வளவு அழுத்தியும் மேலே வர மறுத்தது. ஹோலிஸ் கதவின் உட்பலகையைப் பிரித்தான். பிரிக்கும்போது கண்ணாடி முழுதாக உள்ளே விழுந்துவிட்டது. தற்காலிகம்தான் என்று சொல்லி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினான். கோரின் காபியை நீட்டியபடி, அவசரமே இல்லை, நிதானமாகப் பாருங்கள் என்றாள். இவ்வளவு பொறுமையான பெண் இந்த மாகாணத்திலேயே இருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். கதவுக்குள் போகும் ஒயர்களில் ஈரம் சேரும் என்று சொன்னான்.

வெள்ளிக்கிழமை பனி விழுந்தது. வருஷத்தின் முதல் பனி. கோரின் வேலையிலிருந்து திரும்பி வந்ததை ஹோலிஸ் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தான். பிளாஸ்டிக் தாள் கிழிந்து கொடி மாதிரி படபடத்தது. அவள் கழுத்து வரைக்கும் போர்வை சுற்றியிருந்தாள். இறங்கியபோது புருவத்தில் பனி. ஹீட்டர் காற்றாடியும் நின்றுவிட்டதாம்.

அப்போதுதான் ஹோலிஸுக்கு முதல்முறையாக நெஞ்சில் சுருக்கென்றது. இதுவரைக்கும் அவன் தோற்றுக்கொண்டிருப்பதாகவே நினைக்கவில்லை. வெற்றி கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான் என்று இருந்தான். இப்போது பார்த்தால், வெறும் பேட்டரி மாற்ற வந்தவன் ஒரு நல்ல வண்டியை முக்கால்வாசி கொன்றிருக்கிறான். ஒரு நல்ல மனுஷி அவனுடைய பெருமைக்காகக் குளிரில் விறைத்துக்கொண்டு வருகிறாள். கிளைட்டிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுத்துவிட்டால் ரோட்டைத் தாண்டிப் போக ஒரு காரணமும் மிஞ்சாது. அது வேறு விஷயம்.

சனிக்கிழமை காலை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றான். அன்றைக்குத்தான் விருந்து.

"என்னால முடியல, கோரின்," என்றான். வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை அவன் சொல்வது இதுவே முதல்முறை. சொன்ன பிறகு அவ்வளவு மோசமாக இல்லை. "கிளைட்கிட்ட இழுத்துட்டுப் போயிடறேன். செலவு என்னோடது."

கோரினின் முகம் வாடிவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவ பாருங்களேன்."

"எதுக்குங்க? அவன் ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவான்."

"முடிச்சிடுவான்ல," என்றாள் கோரின். "அதான் யோசிக்கிறேன்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. தன் மேல் உள்ள இரக்கத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். அது இன்னும் வலித்தது. இருந்தாலும், வண்டியைக் கிளைட் கையில் கொடுப்பதற்கு முன்னால், தான் இழுத்துவிட்ட ஒயர்களையாவது பிரித்துவிட வேண்டும். அந்தப் பின்னலைப் பார்த்தால் கிளைட் அடுத்த அறுவடை வரைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். ஹோலிஸ் வண்டிக்குள் மல்லாந்து படுத்து, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே நுழைத்தான். குளிர் உள்ளே வராமல் இருக்கக் காலையும் மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

ஒவ்வொரு ஒயராகப் பிரித்தான். வைப்பர் ஓய்ந்தது. ஹார்ன் ஒரு விக்கல் விட்டு அடங்கியது. டாஷ்போர்டின் இருட்டில், யாரும் பார்க்காத இடத்தில், அவனுக்குப் பேச்சு அழகாக வந்தது. "கோரின், இன்னைக்கு சாயந்தரம் என்கூட வர்றீங்களா?" என்று ஒயர்களிடம் கேட்டுப் பார்த்தான். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக. ஒன்றும் கஷ்டமே இல்லை. கராஜுக்குப் போகிற வழியில் கேட்டுவிடலாம். கேட்டே விடுவது.

வெளியே ஒரு கார் வந்து நின்றது. விருந்துக்காக ராபிட் சிட்டியிலிருந்து கோரினின் தங்கை ஜனெல் வருவதாக இருந்தது, அவளாகத்தான் இருக்கும். வாசலில் காபியோடு வந்துகொண்டிருந்த கோரினின் காலடிச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் ஏதோ ஜாடை காட்டியிருக்க வேண்டும். ஜனெல் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பிளாஸ்டிக் தாள் படபடக்கும் வண்டியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வாசலை நோக்கிக் குரல் கொடுத்தாள்:

"அக்கா, அந்த மனுஷன் இன்னுமா வாயத் தொறந்து கேக்கல? பிடுங்கி வைக்கிறதுக்கு இன்னும் எத்தன ஃப்யூஸ்தான் மிச்சம் இருக்கு?"