கறி நைட்டுக்கு எந்த ஷிப்டு?

மக்களிடையே ஒற்றுமையை வளர்க்கும் உயரிய நோக்கத்தோடு, ஓசூர் எல்லையோர நண்பர்கள் சங்கம் மாதாமாதம் ‘கறி நைட்’ நடத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பெங்களூரில் அப்படித்தான் நடத்துகிறார்களாம். வெங்கடம்மாள் மெஸ்ஸில் களியும் கறிக்குழம்பும். ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிட வேண்டியது.

சென்னப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போல்ட் கம்பெனியில் அவனுக்கு எப்போதும் நைட் ஷிப்டு. ஊர் தின்னும்போது தூங்குவான், ஊர் தூங்கும்போது தின்பான். எதிரில் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு சோறு தின்று எத்தனையோ காலமாயிற்று. சூப்பர்வைசரிடம் கெஞ்சி லீவு வாங்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

வாசலில் சங்கத் தலைவர் கமலக்கண்ணன். ஆட்களுக்கு ஷிப்டு பிரிக்கும் பர்சனல் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கம்பெனியைப் பொறுத்தவரைதான் ரிட்டயர்.

“எந்த ஷிப்டு?”

“நைட்டுங்க சார்.”

“ரொம்ப சரி. நைட்டுன்னா நம்மூர்ல நைட் ஷிப்டுதானே? அவங்களுக்குத்தான் கறி நைட். ஆனா இந்நேரத்துக்கு நீங்க கம்பெனியில இருக்கணுமே?”

“லீவு போட்டு வந்தேங்க.”

“லீவு போட்டா எப்படி நைட் ஆவீங்க?”

“அப்ப டே ஷிப்டு ஆளுங்க?”

“அவங்க டே. நைட்டுக்கு எப்படி விடறது?”

“பின்ன யாருதான் சார் திங்கறது?”

“தகுதியுள்ளவங்க வரட்டும். காத்திருக்கோம்.”

உள்ளேயிருந்து வெங்கடம்மாள் கத்தினாள்: “களி கல்லாவுது! எந்த ஷிப்டுக்காரனாவது வந்து தின்னுட்டுப் போங்கப்பா!”

உணவு வீணாவது சங்கக் கொள்கைக்கு முரண். எனவே, ஷிப்டே இல்லாத செயற்குழுவினர் உள்ளே போய், அதைச் சாப்பிடாமல் ஆய்வு செய்தார்கள். எலும்புவரை ஆய்வு செய்தார்கள். ‘உப்பு சற்றே குறைவு. அடுத்த மாதம் மறு ஆய்வு தேவை’ என்று முடிவாயிற்று.

மறுநாள் சென்னப்பன் தலைவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டான்.

“சத்தம் போடறவரை ஆய்வுக் குழுவுலயே போட்டுடறது நம்ம மரபு” என்றார் கமலக்கண்ணன். மனுஷன் அப்படியே குளிர்ந்துபோனான்.

அடுத்த மாதம் மறுபடியும் லீவு. கழுத்தில் சங்க அட்டை. மெஸ் வாசலில் மோகன்குமார் நின்றிருந்தான். பக்கத்து மெஷின்காரன், அவனும் லீவு, அவனும் இஸ்திரிச் சட்டை.

“ணா, நீயே இருக்கியா! நல்லதாப் போச்சு, உள்ள வரட்டா?”

சென்னப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நீங்க எந்த ஷிப்டு?”

உள்ளே ஆளுக்கொரு மேசை, சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. ஒருவர் நாக்கு இன்னொருவர் நாக்கைப் பாதிக்கலாகாது என்பதால், ஆய்வின்போது பேசக்கூடாது. சென்னப்பன் சுவரைப் பார்த்தபடி களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்கினான்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. ‘குறைவு’ என்று எழுதினான். சரியென்று எழுதிவிட்டால் அடுத்த மாதம் ஆய்வு எதற்கு?