மகிழ்ச்சி அதிகாரிக்கு ஒரு புகைப்படம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் செய்யாமல் வெகுகாலம் சும்மா இருந்தது. அந்தக் குறையை ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி தீர்த்து வைத்தது. அது தன் தலைமை அலுவலகத்துக்கு ஒரு நாயை 'மகிழ்ச்சி அதிகாரி'யாக நியமித்தது.

போகிற போக்கில் எடுத்த முடிவல்ல இது. ஊழியர்களுக்கு என்ன குறை என்று நிர்வாகம் மனம் திறந்து கேட்டது. அவர்களும் வெகுளியாக மனம் திறந்து சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் ஓடவில்லை, ஏ.சி. தலையில் சொட்டுகிறது, இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறோம், லீவு கேட்டால் முறைக்கிறார்கள். கேட்ட எம்.டி. கலங்கிப்போனார். உடனே குளுகுளு அரங்கில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார்.

"பிரச்சினை என்னன்னு புரிஞ்சு போச்சு," என்றார். "நம்ம ஆபீஸ்ல நாய் இல்ல."

தன் வீட்டு நாயையே கம்பெனிக்கு அர்ப்பணித்தார். பஞ்சு என்று பெயர். வெள்ளை வெளேரென்று உடம்பெல்லாம் முடி. எது தலை, எது வால் என்பது ஆட்டினால்தான் தெரியும்.

பஞ்சுவுக்குப் பொறுப்பாளராக உதவி மேலாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்றே சொல்லிப் பழகியவர். அதனால் ஆபீஸில் அவர் பெயரே 'ஆகட்டும்' என்று ஆகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

"வியாழக்கிழமை போட்டோகிராபர் வர்றார்," என்றார் எம்.டி. "சாதாரண ஆளில்ல. நாய்களை மட்டும்தான் எடுப்பார். நம்ம ஆண்டறிக்கை அட்டையில பஞ்சு படம் வரப்போகுது. இந்தக் கம்பெனியில வேலை பார்க்கிறது எவ்வளவு சந்தோஷம்னு அது முகத்துல தெரியணும். படம் நல்லா வந்தா உங்களுக்கு மேலாளர் பதவி குடுக்கலாமான்னு யோசிக்கலாம்னு இருக்கேன்."

"ஆகட்டும் சார்."

திங்கட்கிழமை காலை பஞ்சு பணியில் சேர்ந்தது. சேர்ந்த வேகத்தில் வரவேற்பு மேஜையை மூன்று சுற்று சுற்றியது. கணக்குப் பிரிவுத் தலைவர் கழற்றி வைத்திருந்த ஷூ ஒன்றைக் கவ்விக்கொண்டு மாடிப்படி ஏறியது. அவர் ஒற்றைக் காலில் நொண்டியபடி துரத்தினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிரித்தறியாத வரவேற்பாளர் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடி முழுக்க ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மகிழ்ச்சி இப்படி முன் அனுமதி இல்லாமல் பரவுவதைக் கண்டு நிர்வாகம் விழித்துக்கொண்டது. மதியத்துக்குள் சுற்றறிக்கை வந்தது.

'மகிழ்ச்சி அதிகாரியைத் தடவ விரும்புவோர் தத்தம் பிரிவுத் தலைவர் வழியாக விண்ணப்பிக்கவும். தடவல் கழுத்துக்கு மேல் மட்டும். மகிழ்ச்சி அதிகாரி அலுவலக நேரத்தில் துள்ளுதல், உருளுதல், காரணமின்றி ஓடுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.'

பஞ்சுவின் கழுத்தில் அடையாள அட்டை மாட்டப்பட்டது. ஏ.சி. சொட்டும் மூலையில் அதற்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. படம் எடுக்கும் நாளில் அசையாமல் இருக்க வேண்டுமே, அதற்குப் பயிற்சி. பஞ்சு இறங்கும். ஆகட்டும் தூக்கி உட்கார வைப்பார். மறுபடி இறங்கும். மறுபடி தூக்குவார். சாயங்காலத்துக்குள் நாய்க்கும் மூச்சு வாங்கியது, ஆகட்டுமுக்கும் மூச்சு வாங்கியது. நாக்கைத் தொங்கவிடும் உரிமை நாய்க்கு மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, படத்துக்காகப் பஞ்சுவின் கழுத்தில் கட்டப்போகும் 'போ' ரிப்பனின் நிறம் பற்றி ஆலோசனைக் கூட்டம். பஞ்சுவும் கலந்துகொண்டது.

"நீலம்தான் கம்பெனி நிறம்," என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர், இரண்டு காலிலும் ஷூவோடு.

"நீலம் சோகத்தைக் காட்டும்," என்றார் விளம்பரப் பிரிவுத் தலைவி.

"அப்ப நம்ம கம்பெனியே சோகம்ங்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. சந்தோஷமான நீலமா எடுக்கலாம்."

"எது சந்தோஷமான நீலம்?"

இதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. கூட்டம் முடிவதற்குள் பஞ்சு கொட்டாவி விட்டது. இதைக் கண்டு எல்லாரும் மகிழ்ந்தார்கள். அதிகாரி ஆபீஸ் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் ஆகட்டுமின் கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. புதன்கிழமை அரை நாள் லீவு கேட்டார்.

"புதன்கிழமையா? பஞ்சுவுக்குப் பல் சுத்தம் பண்ண நேரம் வாங்கியிருக்கேனே," என்றார் எம்.டி. "படத்துல பல் பளிச்சுன்னு தெரிய வேண்டாமா? நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"ஆகட்டும் சார்."

அதை வீட்டில் சொன்னதும் மனைவி வெந்நீர்ச் செம்பை நங்கென்று வைத்தாள்.

"ஏங்க, நாய்ப் பல்லைக் காட்டப் போக நேரம் இருக்கு, உங்க பல்லைக் காட்ட நேரமில்லையா?"

"நான்தான் தினமும் ஆபீஸ்ல பல்லைக் காட்டிக்கிட்டிருக்கேனே," என்றார் அவர். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அதற்கும் சிரிக்க முடியவில்லை. வலித்தது.

புதன்கிழமை கால்நடை மருத்துவர் பஞ்சுவின் வாயைத் திறந்து பார்த்தார். "முத்து மாதிரி இருக்கே, இதுக்கு என்ன?" என்றபடி நிமிர்ந்தவர் ஆகட்டுமின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்.

"பல்லு யாருக்குங்க?"

"நாய்க்குத்தான்."

"வீக்கம் உங்களுக்கில்ல இருக்கு?"

"அது சொந்த விஷயம் டாக்டர்."

ஆபீஸ் திரும்பியதும் பஞ்சுவை யாரும் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே போய்த் தன் நாற்காலியில் ஏறிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. தலையில் சொட்டிய தண்ணீரைக்கூட உதறவில்லை. தாழ்வாரத்தில் எம்.டி.யின் காலடிச் சத்தம் கேட்டதும் முதுகை நிமிர்த்தியது. சத்தம் தாண்டிப் போனதும் முதுகு தானாகச் சரிந்தது. "பயிற்சின்னா இதுதான்!" என்று பிரிவுத் தலைவர்கள் ஆகட்டுமின் தோளில் தட்டிக்கொடுத்தார்கள்.

அவருக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. எல்லாரும் போன பிறகு தன் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். பஞ்சு அதை முகர்ந்து பார்த்தது, வாங்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவர் ஷூவின் மேல் மோவாயை வைத்துப் படுத்தது. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்த ஆபீஸில் ஒருவர் கஷ்டத்தை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான். இருவருமே பேசவில்லை என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை. கூட்ட அறையில் பெரிய திரை, குடை விளக்குகள், நடுவில் வெல்வெட் விரித்த மேடை. போட்டோகிராபர் தலைமுடியைப் பின்னால் முடிந்திருந்தார். குரலைத் தாழ்த்தியே பேசினார்.

"நான் நாயை எடுக்கிறதில்ல சார். நாய்க்குள்ள இருக்கிற ஆன்மாவை எடுக்கிறேன்."

துணைக்குழு கடைசி நேரத்தில் ஒப்புதல் அளித்த சந்தோஷமான நீலப் 'போ'வோடு பஞ்சு மேடையில் உட்கார்ந்தது. ஆன்மா வரவில்லை. போட்டோகிராபர் கீச்சுப் பொம்மையை அமுக்கினார். பிஸ்கட்டைத் தன் தலையில் வைத்துக்கொண்டு கூத்தாடினார். பூனை மாதிரி கத்தினார். நாய் மாதிரி கத்தினார். பஞ்சு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

அப்போது எம்.டி. உள்ளே வந்தார். பஞ்சு சட்டென்று எழுந்து நின்று தலையைக் குனிந்தது. வால் காலுக்கிடையில் போனது. போட்டோகிராபர் பழக்க தோஷத்தில் 'கிளிக்' செய்துவிட்டார்.

திரையில் படம் விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒளியில்லாத கண்கள், தொங்கிய தோள்கள், எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்கும் முகம். எம்.டி. நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.

"திங்கட்கிழமைதானே வேலைக்குச் சேர்ந்துச்சு! அதுக்குள்ள ஒரு உயிரு இப்படி ஆகுமா? என்னய்யா பண்ணினீங்க அதை?"

மற்றவர்களை என்ன செய்தார்களோ அதைத்தான் செய்திருந்தார்கள்.

"வாயில்லா ஜீவன்! அதனால வாயைத் திறந்து சொல்ல முடியல. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க. முழுச் சம்பளத்தோட லீவு. தேறுற வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது."

ஆகட்டுமுக்குத் திடீரென்று ஒரு தைரியம் வந்தது. அதற்குப் பஞ்சு காரணமா, பல் காரணமா, அவருக்கே தெரியாது. வீங்கிய வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்தார்.

"சார்... எனக்கும் லீ..." வார்த்தை வாய்க்குள் உருண்டு 'லொள்' என்று வெளியே வந்தது.

"என்ன லொள்ளா?" என்றார் எம்.டி.

"லீவு சார். பல்லு. நாங்களும் இங்கதான் சார் வேலை பார்க்கிறோம்."

சேர்ந்த நாளிலிருந்து 'ஆகட்டும்' என்பதற்கு மேல் மறுபேச்சுப் பேசாத மனிதர் எதிர்த்துப் பேசிவிட்டார். எம்.டி. அவரைக் கனிவோடு பார்த்தார்.

"உங்களுக்கென்னங்க? நீங்கதான் பழகிட்டீங்களே."

அதற்குள் போட்டோகிராபர் ஆகட்டுமின் முகத்தையே உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தார். வலது கன்னம் உப்பி உதட்டின் ஓரத்தை மேலே இழுத்திருந்தது.

"சார், இப்படிக் கொஞ்சம் பாருங்க. இவர் சிரிக்கிறார்!"

எம்.டி. பார்த்தார். பிரிவுத் தலைவர்கள் பார்த்தார்கள். ஆமாம், சிரிப்புதான். அதிகாரி லீவில் போனால் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதும் விதி. ஆகட்டுமை மேடையில் ஏற்றி, நீலப் 'போ'வைக் கட்டினார்கள். "சீக்கிரம், இறங்கிடப் போகுது," என்று அவர் கன்னத்தைப் பார்த்தபடி அவசரப்படுத்தினார் போட்டோகிராபர். மேடையிலிருந்து இறங்குவதைப் பற்றித்தான் சொல்கிறார் என்று ஆகட்டும் நினைத்தார்.

இந்த வருட ஆண்டறிக்கையை நீங்களும் அவசியம் பார்க்க வேண்டும். அட்டையில் 'மகிழ்ச்சி அதிகாரி (கூடுதல் பொறுப்பு)' என்ற எழுத்துக்கு மேல் அவர் அழகாக இருக்கிறார். அந்தக் கம்பெனியில் சிரித்த முகத்தோடு இருக்கும் ஒரே ஊழியர் அவர்தான். வீக்கம் வடிந்தால் அவரும் கிடையாது.