மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வருகிறவர்

மைக் இருக்கிற எந்த இடத்துக்குப் போனாலும் இந்த ரகத்து ஆள் ஒருத்தர் அங்கே இருப்பார். கூப்பிட வேண்டாம், தேட வேண்டாம். மைக் லேசாகக் கனைத்தால் போதும், மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, பேன்ட்டை ஒரு இழு இழுத்துவிட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, ஒற்றை விரலைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்று சொல்லியபடியே மேடைக்கு வந்துவிடுவார். முதல் வரிசையில் உட்கார மாட்டார். அங்கே உட்கார்ந்தால் நடந்து வருகிற அழகை யார் பார்ப்பது?

பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். கணக்கு எழுதுவார், பஸ் ஓட்டுவார், பல் பிடுங்குவார். அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. பிறவி எடுத்தது ஒயர் பிடுங்குவதற்கு.

மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி இருக்குமே, பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி திருகுக் குமிழாக இருப்பது மிக்ஸர். பக்கத்தில் அடுப்பு மாதிரி சூடாகிக் கிடக்கும் கனத்த பெட்டி ஆம்ப்ளிஃபயர். பேசுகிற பேச்சு முதல் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஒரு ஒயர் வழியாக இரண்டாவது பெட்டிக்குப் போய், பலம் ஏறி ஸ்பீக்கரில் வரும். இவ்வளவுதான் சங்கதி. நம் ஆளுக்கு அந்த நடு ஒயர்மேல்தான் கண். புது மருமகளைப் பார்க்கிற மாமியார் மாதிரி பார்ப்பார். வீட்டில் எது உடைந்தாலும் குற்றவாளி அவள்தான். உருவுவார், முனையை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், ஊதுவார், சட்டையில் துடைப்பார், திரும்பச் சொருகுவார். "லூஸ் கான்டாக்ட்" என்பார். அவருக்குத் தெரிந்த வியாதி அது ஒன்றுதான். மாரடைப்பு வந்து ஒருத்தர் விழுந்தாலும் அதையேதான் சொல்வார்.

செத்துப்போன என் வீட்டுக்காரரும் இந்த ரகம்தான். அவர் திறந்த ரேடியோ எதுவும் மூடினதில்லை. சரி, போனவரை விடுங்கள். இருக்கிற ஒருத்தரைச் சொல்கிறேன், என் தங்கச்சி புருஷன். தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர்.

தங்கச்சி ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தே தலை நரைத்தவள். வேலையை விட்டு நிற்கிற அன்றைக்குக் கம்பெனியிலேயே ஒரு கூட்டம் போட்டார்கள். துணி வெட்டுகிற மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, நாற்காலி போட்டு, உள்ளே ஒரு ஸ்பீக்கர், தெருவில் நிற்கிறவர்களுக்காக வாசல் கேட்டில் ஒரு ஸ்பீக்கர். மைக் செட்காரர் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டு இன்னொரு இடத்துக்குப் போய்விட்டார்.

தங்கச்சிக்கு அன்றைக்கு ஒரு வேலை இருந்தது. அங்கே பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலாளியிடம் தனியாகச் சொன்னால் "பாக்கலாம்" என்பார். பார்க்க மட்டும் மாட்டார். அதனால் பெண்கள் எல்லாரும் சேர்ந்து இவளைப் பிடித்தார்கள்.

"அக்கா, நீதான் வேலைய விட்டுப் போற. உன்னை என்ன பண்ணிட முடியும்? நாலு பேர் எதிர்ல மைக்ல கேளு. அவர் மாட்டேன்னு சொல்ல முடியாது."

மைக் இல்லாமல் அவளால் ஆகாது. அவள் குரல் பக்கத்துத் தலையணைக்கே கேட்காது.

முதலாளி பேசினார். நன்றாகவே கேட்டது. பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு சின்ன உறுமல், அவ்வளவுதான். நான்கூட முதலாளியின் வயிறு என்றுதான் நினைத்தேன். அடுத்து தங்கச்சி எழுந்து மைக்கைக் கையில் வாங்கினாள், வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்."

மூன்றாவது வரிசை. யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"மாப்ளே, உக்காருங்க. நல்லாத்தானே கேக்குது," என்றேன்.

"இல்லக்கா, ஹம் வருது. நம்ம வீட்டுக்காரி பேசறப்ப சுத்தமா கேக்க வேணாமா?"

பாசம்தான், பொய் சொல்லக் கூடாது. பாசத்தில்தான் பாதிப் பேர் வீட்டைக் கொளுத்துகிறார்கள்.

முதல் காரியமாக, ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று, சுவரில் இருந்த ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அணைத்தார். அப்புறம் நடு ஒயரை உருவினார். அப்புறம் சுவிட்சை அணைத்ததையே மறந்துபோனார்.

இனி எந்த ஒயரைச் சொருகினால் என்ன? செட்காரர் வைத்துவிட்டுப் போன பையிலிருந்து ஒன்றை எடுத்துச் சொருகுவார், தங்கச்சியைப் பார்த்து "ஹலோ சொல்லு" என்பார், அவள் "ஹலோ" என்பாள், சத்தம் வராது. "இது செத்துப்போச்சு" என்று ஓரமாக வீசுவார். அடுத்தது. அதுவும் செத்தது. நல்ல ஒயர்களெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துக் குவிய, ஒவ்வொரு சாவுக்கும் மிக்ஸரில் ஒரு குமிழை முழுக்கத் திருகி ஏற்றினார். இந்த ரகம் தனியாகவும் இருக்காது. ஒன்று எழுந்தால் கூட்டமே எழுந்துவிடும்.

"சார், எர்த் இல்ல சார்," என்றார் பில் போடுகிறவர்.

"லெஃப்ட்ட ரைட்ல மாத்திச் சொருகிப் பாரேன்," என்றார் லாரி டிரைவர்.

இன்னொருத்தர் செல்போன் லைட்டை அடித்துக்கொண்டு நின்றார். பட்டப்பகலில்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார். "சரிம்மா, இன்னொரு எடத்துல காத்துட்டு இருக்காங்க, நல்லா இருங்க" என்று கையைக் கூப்பிவிட்டு இறங்கி நடந்தார். பெண்கள் முகமெல்லாம் தொங்கிப்போனது. "இருங்கய்யா" என்று தங்கச்சி சொன்னது அவள் மூக்கைக்கூடத் தாண்டவில்லை. அவள் புருஷனோ இன்னொரு ஒயரை ஊதிச் சொருகிவிட்டு, அடுத்த குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சூப்பர்வைசர் பெண்ணுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. ஃபேனைப் போடலாம் என்று சுவரில் கையை வைத்தவள் பக்கத்து சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

ஸ்பீக்கர் ஊளையிட்டது பாருங்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. மாப்பிள்ளை பாய்ந்து ஏதோ ஒரு குமிழைத் திருப்ப, ஊளை நின்றது. மற்றக் குமிழெல்லாம் ஏறினது ஏறினபடியே. "பாத்தியா? தூசி. பேசு பேசு," என்றார். தங்கச்சி பயந்துபோய், மனசுக்குள் உருப்போட்டு வைத்திருந்ததை அப்படியே சொன்னாள்.

"ஐயா, பொம்பளைங்க கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லைங்கய்யா. ஒருத்தி போனா ஒருத்தி காவல் நிக்கறோம். ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்கய்யா."

வாசல் ஸ்பீக்கர் அதைத் தெருவுக்கே ஒப்பித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், எதிர்க்கடைக்காரர்கள், எல்லாரும் காருக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்ற முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் காதில் கையை வைத்து, "யாருக்கு இல்லையாம்?" என்று விசாரித்தார். முதலாளி காலை வெளியே எடுத்தார். திரும்பி வந்தார். மைக்கை வாங்கி, "நாளைக்கே போட்டுடலாம்மா," என்றார். அதுவும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனது.

பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். என் தங்கச்சி புருஷன் குனிந்து வணக்கம் வைத்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன். "மாப்ளே, அந்த உறுமல் போச்சா?"

"எந்த உறுமல்?" என்றார்.

தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. போட்டது தான்தான் என்று அவர் தபால் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். கதவுக்குத் தாழ் விழுகிறது, அது போதும்.

சிரிக்கிறீர்களா? சிரிக்குமுன் ஒரு கேள்வி. அந்த 'ம்ம்ம்' என்கிற சத்தத்தைச் சொன்னேனே, அப்போது உங்கள் மனசு தங்கச்சி என்ன பேசப்போகிறாள் என்று கேட்டதா? இல்லை, "கரண்ட் ஒயரையும் மைக் ஒயரையும் ஒண்ணாச் சேத்துப் போட்டிருப்பாங்க, நானா இருந்தா ரெண்டையும் பிரிச்சு விட்டிருப்பேன்" என்றதா?

அப்படியானால், அடுத்த கூட்டத்தில் தயவுசெய்து சுவரோர நாற்காலியில், உங்களை எழுந்திருக்க விடாத குண்டான ஆள் ஒருத்தருக்கு உள்பக்கமாக உட்காருங்கள்.