நாலாளு அண்ணாச்சி கடலுக்குப் புறப்பட்டார்

கூட்டத்தைப் பார்த்தால் எரிச்சல்படுகிற தமிழர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கம்பெனி போர்மேன் நாலாளு அண்ணாச்சி.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். அங்கே ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது. மற்றவர்களுக்கு அந்த விதி கம்பெனி கேட்டோடு முடிந்துவிடும். அண்ணாச்சிக்கு முடியாது. டீக்கடை பெஞ்சில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்தால் கிளாஸோடு எழுந்துவிடுவார். பேரன் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி அறையில் குழந்தையோடு ஐந்து பேர் ஆகிவிட்டது என்று வெளியே போய், ஜன்னல் வழியாகத்தான் பேரனைப் பார்த்தார். "உள்ள வாங்க" என்று மகள் கூப்பிட்டதற்கு, "யாராச்சும் ஒரு ஆளு வெளிய வாங்க, வாரேன்" என்றார்.

இதற்குக் காரணம் உண்டு. வாலிபத்தில் அவர் வேலை பார்த்த அறையில், சீசன் கடைசி, ஆர்டர் அவசரம் என்று கூடுதலாக ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். தீப்பிடித்தபோது வாசலில் முட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி வெளியே வந்துவிட்டார். எல்லோரும் வரவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "இந்தச் சுவரையே பாத்துக் கெடந்தாச்சு தம்பி. கர கண்ணுக்குத் தெரியாத கடல்ல ஒரே ஒரு தடவ போயி நிக்கணும்" என்பார். இந்தத் தீபாவளியோடு அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு. முதலாளிக்கு என்ன தோன்றியதோ, தூத்துக்குடியில் ஒரு படகை வாடகைக்குப் பேசி, அவரையும் சேர்த்து எங்களில் எட்டுப் பேரை ஆழ்கடலில் தூண்டில் போட அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.

படகோட்டியைத் தவிர எட்டுப் பேர் படகில் போகலாம் என்றதும் அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "எட்டுன்னா ரெண்டு ரூம். செரி" என்று அனுமதி கொடுத்தார்.

அதன் பிறகு எங்களுக்கு நிம்மதி போயிற்று. படகின் அளவைப் போனில் கேட்டு, பட்டாசு காயவைக்கிற தளத்தில் சாக்பீஸால் படகு வரைந்தார். சுள்ளென்ற வெயிலில் எங்களை அதற்குள் உட்கார வைத்து ஒத்திகை நடத்தினார். "யாரு தூண்டில்ல மீன் கடிக்கோ அந்த ஆளு மட்டும் எந்திரிக்கணும். வேடிக்க பாக்கேன்னு கோட்டத் தாண்டுனா நீரு கடலுக்குள்ள!" கோட்டை மிதித்த பாக்கிங் சூப்பர்வைசரை இரண்டு முறை மூழ்கடித்தார்.

தூண்டில் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனது தனிக்கூத்து. எங்கள் தொழிலில் இரும்புக் கருவி ஆகாது, உரசினால் பொறி பறக்கும்; நைலான் துணியும் ஆகாது, அதுவும் உரசினால் பொறிதான். கடைக்காரர் தூண்டில் முள்ளை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"இரும்பா? பித்தளையில இல்லையா?"

"பித்தளையில மாட்டுனா மீனு சந்தோசப்படுமோ?"

"அதென்ன, நைலான் நரம்பா? பருத்தி நூலு காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்து, "வீட்ல சொல்லிட்டுத்தான் கூட்டி வந்தீங்களா?" என்று கேட்டார்.

புறப்பட்ட அன்று வேன் சாத்தூரைத் தாண்டுவதற்குள் அண்ணாச்சி அந்தக் கடையிலேயே வாங்கி வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். எட்டயபுரத்தில் அதோடே இட்லி சாப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் போனஸ் நாளில்கூடப் பார்த்ததில்லை.

எல்லோரும் படகில் ஏறி உட்கார்ந்த பிறகு, கூலிங் கிளாஸோடு முதலாளியின் மச்சினன் வந்து குதித்தார். "நானும் வாரேன்" என்றார். முதலாளி மச்சினனை இறங்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

"எட்டுன்னுதான சொன்னீக?" என்று அண்ணாச்சி படகோட்டியைக் கேட்டார்.

"ஒரு ஆளுதான அண்ணாச்சி! படகு தாங்கும்."

"ஒரு ஆளுதானன்னுதான் அன்னைக்கும் சொன்னாக."

நாங்கள் கெஞ்சினோம். மச்சினன் கூலிங் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஒருமுறை கடலைப் பார்த்தார். பிறகு தன் தூண்டிலை மச்சினன் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் இறங்கி, எங்களை எண்ணினார். "எட்டு. இப்பக் கெளம்புங்க."

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற மனிதரைப் பார்த்தேன். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, ஒரே தாவலில் நானும் கரைக்குக் குதித்துவிட்டேன்.

கட்டிப்பிடித்துக் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தால், அவர் விரலை நீட்டிப் படகை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். அதுவரை என்னிடம் வாங்க, போங்க என்று பேசிய மனிதர் திரும்பினார்.

"ஏலே கூறுகெட்டவனே! நீ எறங்கிட்டா அங்கன ஏழு பேருதானலே! நான் ஏறியிருப்பேம்லா!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டே ஓடினோம். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மச்சினன் மட்டும் திரும்பி எங்களுக்கு டாட்டா காட்டினார்.

படகு திரும்புகிற வரைக்கும் திட்டு வாங்கினேன். "எதுக்குலே எறங்குன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாந்தி வருகிற மாதிரி இருந்தது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை என்று இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.