ஜெர்லினை அழைத்துப் போக வருவது பற்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான ஸ்டீபன் மச்சானுக்கு,

கவரைப்பேட்டையிலிருந்து உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் சாம்சன் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். கடம்பத்தூரில் மெர்சி அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

சோனியாவை அடக்கம் பண்ணின அன்றைக்கே, "பொம்பளப் புள்ளய நீ தனியா வளக்க முடியாது, எங்க ஊட்டுக்கு அனுப்பிடு" என்றீர்கள். அன்று கோபப்பட்டேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து அழைத்துப் போங்கள்.

பால்வாடி என்றால் சோறு போட்டுத் தூங்கவைக்கிற இடம் என்பாள் சோனியா. இப்போது எங்கள் தெரு அரசுப் பள்ளியிலேயே எல்.கே.ஜி. வந்துவிட்டது, காசு கிடையாது, மதியம் முட்டை, எங்கள் சூப்பர்வைசர் பிள்ளைகூட அங்கேதான் என்று ஜெர்லினைச் சேர்த்தேன். முதல் நாள் வகுப்பே அழுதது, இவள் மட்டும் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே நான்தான் அழுதேன். ஹாஜிரா டீச்சர் வந்து, "அண்ணே, புள்ளைங்கள சமாதானம் பண்றதே பெரும்பாடு, நீங்க வேற ஏன் பேஜாரு பண்றீங்க? கம்பெனிக்குப் போங்க" என்று துரத்திவிட்டார். கம்பெனியில் இரும்புக் கம்பிக் கட்டு கட்டிப் பழகின கை, பாப்பா பின்னலையும் அப்படியே முறுக்கிவிட்டேன், அதைப் பிரிப்பதற்குள் டீச்சருக்கு விரல் வலித்துவிட்டதாம். பிறகு அந்த முட்டை. "அப்பாக்கு" என்று கவுன் பாக்கெட்டில் ஒளித்துவைத்து, அதன்மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள். நசுங்கினதைத் தின்றேன் மச்சான், வேறு என்ன செய்வேன்? கடைசியில் நேற்று, மாற்று ஆள் வரவில்லை என்று ஷிப்ட் முடிந்தும் நிறுத்திவிட்டார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் பள்ளி பூட்டிக் கிடக்கிறது, வாசற்படியில் ஆயா முத்தம்மா மடியில் பாப்பா. "அப்பா, நீயும் அம்மா மாரி போய்ட்டியா?" என்று கேட்டாள். அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை.

அவளுக்குக் காரம் ஆகாது. தூக்கத்தில் யார் காதையாவது பிடித்துக்கொள்வாள், தட்டிவிட வேண்டாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
சாம்சன்

பி.கு.: காலையில் பேரை எடுக்கப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாக அம்மா பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாப்பா முறை வந்ததும் டீச்சர் தாண்டிப் போகப் பார்த்தார். இவளே எழுந்து, "எங்க அம்மா பேரு சாம்சன்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "கரெக்ட், உக்காரும்மா" என்றார். நான் தாமதமானால் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக முத்தம்மா சொல்லியிருக்கிறது. எழுதினதைக் கிழிக்க மனசு வராமல் அனுப்புகிறேன். ஞாயிறு வரவேண்டாம்.